செனட்டர் ஒபதியாரும் கீழ்த்தளத்துக் கக்கூஸும்

ஏப்ரல் 2, செவ்வாய்

நடக்கப்போவது அத்தனையும் எனக்கு இன்றைக்கே தெரிந்துவிட்டது. ஒஹாயோ மாநிலத்தின் இந்த வெதர்பி ஊருக்குள் கார் திரும்பியதுமே தெரிந்துவிட்டது. பிற்பாடு யாரும் மறுத்துப் பேசக் கூடாது என்பதால் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

என் அக்காள் மகள் ஹெப்சிக்குப் பெண் குழந்தை பிறக்கும். மே மாதம், ஒரு வியாழக்கிழமை. எடை மூன்று கிலோ இருநூறு. அதற்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு கக்கூஸை முன்னிட்டுப் பெரிய வழக்கு எழும். செத்து நூற்றுச் சொச்சம் வருடமான ஒரு வெள்ளைக்கார அரசியல்வாதி எனக்கு நெருங்கிய சிநேகிதராவார். நகராட்சி மன்றத்தில் நான் பேசுவேன். எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு எரியும். சிவப்பு எரியும்போது நாம் ஜெயிப்போம்.

இவ்வளவையும் ரூபியிடம் சொல்லியிருப்பேன். அவள் தூங்கிவிட்டாள்.

ஏப்ரல் 3

கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நேற்று வந்து சேர்ந்ததிலிருந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உறங்கினேன் என்று என் மனைவி ரூபி சொல்கிறாள். காரிலும் உறக்கம்தானாம். பெண்கள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள்.

இந்த டைரி, உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்பவர் கொடுத்தது. "அமெரிக்கப் பயணத்தை எழுதிட்டு வாங்கண்ணாச்சி, புத்தகமா போட்டுருவோம்" என்றார். நான் கேட்டதால்தான் சொன்னார், ஆனாலும் சொன்னார். ஆகவே வாசகர்களுக்கு என்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியது கடமை.

பெயர் ஞானசிகாமணி. படிப்பு எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் விஷயம் இல்லை. தொழில் மேடைப் பேச்சு. தலைவர் ஆறு மணிக்கு வருவார் என்று நோட்டீஸில் போட்டிருக்கும். அவர் வருவது பத்து மணிக்கு. அந்த நான்கு மணி நேரமும் கூட்டம் கலையாமல் பிடித்து வைத்திருப்பவன் நான். எங்கள் மாவட்டத்தில் என் அளவுக்குக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர் கிடையாது. இந்தத் தொழிலுக்கு ஒரே சட்டம்தான்: இடைவெளி விடக் கூடாது. மேடையில் இருப்பவன் மூன்று விநாடி வாயை மூடினால் முன்வரிசை எழுந்து துண்டை உதறும். ஐந்து விநாடி ஆனால் சுண்டல் வாங்கப் போகும். போனவன் திரும்ப மாட்டான். விஷயம் தெரிகிறதோ இல்லையோ, வார்த்தை விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஹெப்சியின் பிரசவத்துக்கு வந்திருக்கிறோம். என் அக்காள் தலைமையாசிரியை. பரீட்சை முடியாமல் லீவு கிடைக்காது. அதனால் தாய்மாமன் கிளம்ப வேண்டியதாயிற்று. கூடவே ரூபியும் வந்தாள். ரூபிதான் வந்தாள், கூடவே நான் வந்தேன் என்று மாப்பிள்ளை கிங்ஸ்லி யாரிடமோ போனில் சொன்னது காதில் விழுந்தது. பையன் தமாஷ் பேர்வழி.

வீடு மரவீடு. வயது நூற்றெழுபது இருக்கும். மாடிப்படி தென்னை மரம் மாதிரி செங்குத்து. இருக்கிற ஒரே கக்கூஸ் மாடியில். இனிமேல் படியேறுவதைக் குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மாள் ஹெப்சியிடம் சொல்லியிருக்கிறார். அதனால் கீழே சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கும் சாமான் அறையைக் கக்கூஸாக்க மாப்பிள்ளை ஏற்பாடு செய்துவிட்டார். குழாய் வேலைக்காரர் வருவதும் உறுதி. வெளிச்சுவரில் ஒரு குழாய் எட்டிப் பார்க்கும் என்பதால் ஊரின் பழங்கட்டடக் குழு ஒரு தடவை வந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும். சும்மா சடங்குதான் என்கிறார் மாப்பிள்ளை.

ஏப்ரல் 4

கருப்பட்டிக் காப்பி போட்டேன். மாப்பிள்ளை இரண்டாவது தம்ளர் கேட்டார். அமெரிக்கா பாதி வசமாகிவிட்டது.

ஏப்ரல் 6, சனி

இன்று பழங்கட்டடக் குழுவின் தலைவி வந்தார். பெயர் டோரிஸ். எண்பது வயது, சிவப்பு நிறக் கேன்வாஸ் ஷூ. அந்தக் காலத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவராம். பார்த்ததுமே ஆள் பெரிய இடம் என்று புரிந்து, டோரிஸ் அம்மையார் என்று பட்டம் கொடுத்துவிட்டேன். அவருக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை. "மிஸ்டர் ஞானா" என்றார். என் காதில் 'அண்ணா' என்றே விழுந்தது. தங்கச்சி முறை ஆகிவிட்டது.

ஹெப்சி சோபாவில் சாய்ந்தபடி இருபக்கமும் மொழிபெயர்த்தாள். இந்த வீட்டைக் கட்டியது யார் தெரியுமா என்று அம்மையார் கேட்டார். இந்த ஊர் பெற்றெடுத்த ஒரே மாநில செனட்டர், ஒபதியா ப்ளம்லி. செனட்டர் என்றால் டெல்லி மட்டத்தில் நினைக்க வேண்டாம். மாநிலத் தலைநகரான கொலம்பஸ் வரைக்கும்தான். நம் எம்.எல்.ஏ. மாதிரி. ஒபதியா என்பது நம் பைபிளில் இருக்கிற பெயர். மரியாதைக்காக நான் ஒபதியார் ஆக்கிக்கொண்டேன்.

நான் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்கக் கேட்க அம்மையார் சொன்ன வரலாறு இது. பிறந்தது 1821, மரக்கட்டைக் குடிசையில். தொழில் பீப்பாய் செய்வது. அந்தக் காலத்தில் இங்கே மேடை, பந்தல், குழாய் ஒலிபெருக்கி எதுவும் கிடையாது. தேர்தல் வந்தால், வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டை மேல் ஏறி நின்றுதான் பேசுவார்களாம். ஒபதியார் மட்டும் சொந்தப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து அதன் மேல் ஏறிப் பேசுவார். கையில் தாள் கிடையாது. மூன்று மணி நேரம்!

"மூணா?" என்றேன். "நாம நாலு."

"அதை நான் சொல்ல மாட்டேன் மாமா" என்றாள் ஹெப்சி.

அப்போதெல்லாம் வெதர்பி தெருக்களில் பன்றிகள் இஷ்டத்துக்குத் திரியுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரும்பன்றி போதகர் ஐயாவை அங்கியோடு சேற்றில் தள்ளிவிட்டது. பன்றியை அடைத்து வளர்க்க வேண்டும், தெருவில் விட்டால் அபராதம் என்று ஒபதியார் பீப்பாய் மேல் நின்று கர்ஜித்தார். அந்த ஒரே பேச்சில் சட்டசபை. அடுத்தாற்போல் செனட். பன்றிச் சட்டமும் வந்தது. நடுவில் மூன்று கட்சி மாறினார். முதலில் விக் கட்சி; அது கரைந்துபோயிற்று. பிறகு ஒரு கட்சி, அதன் பெயரே 'ஒன்றும் தெரியாதவர்கள்'. நான் நம்பவில்லை. நிஜமாகவே இருந்ததாம். நம் பக்கம் அப்படிப் பெயர் வைக்காமலே நடத்துகிறோம். பிறகு குடியரசுக் கட்சி.

இந்த இடத்தில் ஹெப்சி, "ஒரு நிமிஷம் மாமா, மேல போயிட்டு வந்திடுதேன். நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் பேசாதிய" என்று எழுந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடிக்குப் போனாள். அவள் மாடிக்குப் போனால் வருவதற்குப் பத்து நிமிடம் ஆகும்.

டோரிஸ் அம்மையார் என்னைப் பார்த்தார். மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் புரிந்தது. அவ்வளவு நீளப் பேச்சை ஒபதியார் எங்கே நின்று பேசிப் பழகினார் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை, அதுதான் தன் வாழ்நாள் குறை என்றார். கேட்டுவிட்டு மௌனமானார்.

ஒரு விநாடி. இரண்டு விநாடி.

மூன்றாவது விநாடி வருவதற்குள் என் கை தானாக நீண்டு சாமான் அறையைக் காட்டிவிட்டது. "திஸ் ரூம்" என்றேன். "ஐ பாலிடிக்ஸ், தர்ட்டி இயர்ஸ். ஐ நோ. வாய்ஸ் கோ, வாய்ஸ் கம் பேக்." பேச்சாளன் குரல் எங்கே திரும்பி வருகிறதோ அங்கேதான் பழகுவான் என்று அர்த்தம். சந்தேகம் வரக் கூடாதே என்று உள்ளே போய் அரிசி மூட்டைக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் நின்று, "பெரியோர்களே! தாய்மார்களே!" என்று ஒரு குரல் கொடுத்தேன்.

அம்மையாரின் கண் கலங்கிவிட்டது. போனில் என்னை ஒரு படம் எடுத்து, என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஷூ தரையில் படாமல் பறந்து போனார்.

ஹெப்சி இறங்கி வந்து, "எங்க மாமா அவங்க?" என்றாள்.

"ரொம்பத் திருப்தியா போனாவ" என்றேன். பொய் இல்லை.

ஏப்ரல் 7

வாசகர்களுக்காக ஒரு தகவல். ஒரு கூட்டத்தில் பீப்பாயின் மூடி உடைந்து ஒபதியார் உள்ளே விழுந்துவிட்டார். தலை மட்டும் வெளியே. அப்படியே மீதி இரண்டு மணி நேரமும் பேசி முடித்தார். டோரிஸ் அம்மா அப்படிச் சொல்லவே இல்லையே என்கிறாள் ஹெப்சி. சொல்லாவிட்டால் என்ன? பீப்பாய் மேல் மூன்று மணி நேரம் நிற்கிறவன் ஒரு நாளாவது விழாமல் இருப்பானா?

ஏப்ரல் 11, வியாழன்

அம்மையார் போன் செய்தார். குரலில் ஒரே கொண்டாட்டம். ஹெப்சி கேட்கக் கேட்க முகம் சிறுத்துக்கொண்டே வந்தது.

சாமான் அறை இனி சாமான் அறை இல்லையாம். செனட்டர் ப்ளம்லியின் பேச்சறை. மாநிலத்திலேயே இப்படி ஒன்று வேறெங்கும் இல்லையாம். ஆகவே அதில் ஓர் ஆணியைக்கூட அசைக்கக் கூடாது. பெரிய ஊரிலிருந்து நிபுணர் வந்து ஆராய ஆறு மாதம் ஆகும். இந்தப் பெருமையைத் தேடித் தந்த மிஸ்டர் ஞானாவுக்கு நன்றி.

பிரசவத்துக்கு ஐந்து வாரம் இருக்கிறது.

"என்னத்த மாமா சொன்னிய அன்னைக்கு?" என்றாள் ஹெப்சி. சொன்னேன்.

"அது ஒபதியா செத்த பிறகு யாரோ ஒட்டுச் சேத்துக் கட்டுன ரூமா இருந்தா?" என்றார் மாப்பிள்ளை.

"இருக்காது மாப்பிள்ளை. குரல் நல்லா வருது."

ரூபி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "இவியளுக்கு வாயி இருக்கது திங்கதுக்கு மட்டும்னு ஆண்டவர் வச்சிருக்கலாம். பிள்ளத்தாச்சி பொண்ணு ஒரு கக்கூசுதான கேட்டா? அதையும் பேசியே கெடுத்திட்டியளே!"

நான் கரண்டிக்கு எட்டாத தூரத்துக்கு நகர்ந்துகொண்டேன். சொல்வதற்கு ஏராளம் இருந்தது. குழாய் வேலைக்காரர் வேறு வீட்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 13

அம்மையாரை நேரில் பார்த்து உள்ளதைச் சொல்லிவிட மாப்பிள்ளையோடு போனேன். தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை; அதுதான் ஊர் வரலாற்றுச் சங்கம். சங்கத்துக்கு உறுப்பினர் என்று அவர் ஒருவர்தான் தெரிகிறார். உள்ளே ஒபதியாரின் படம் ஒன்று: தாடி இருக்கிறது, மீசை இல்லை, கோபம் இருக்கிறது. அதன் பக்கத்தில் புதிதாக என் படம். அன்றைக்குப் போனில் எடுத்தாரே, அது. நான் வாயைத் திறந்தபடி இருக்கிறேன்.

"மிஸ்டர் ஞானா" என்றார் அம்மையார். மாப்பிள்ளை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். "நாற்பது வருடமாக ஒபதியாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. நீங்கள்தான் 'அப்புறம்?' என்று கேட்டீர்கள்."

நான் உள்ளதைச் சொல்ல வாயெடுத்தேன். "அப்புறம்?" என்று வந்துவிட்டது.

அப்புறம் நடந்தது இது. ஒபதியார் கடைசியாக நின்ற தேர்தல். வாக்குப்பதிவு நாளன்று காலையில், அவருடைய சொந்தப் பெண்பன்றி பட்டியை முட்டித் திறந்துகொண்டு, ஒன்பது குட்டிகளோடு பெரிய தெரு வழியாக ஊர்வலம் வந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் அதன் தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்து வாக்குச்சாவடி வரை வழிகாட்டினார்கள். ஒபதியார் தான் கொண்டுவந்த சட்டத்தின்படி தானே அபராதம் கட்டினார். பத்தொன்பது ஓட்டில் தோற்றார். மறுநாளே மறுபடி பீப்பாய் செய்யப் போய்விட்டார். 1889இல் இறக்கும் வரைக்கும் அதற்குப் பிறகு ஒரு கூட்டத்திலும் பேசவில்லை. ஊர் அவரைப் பன்றி செனட்டர் என்று மட்டும்தான் நினைவு வைத்திருக்கிறது. பேச்சறை ஒன்று கிடைத்துவிட்டால் அந்தப் பெயர் மாறும் என்கிறார் அம்மையார்.

காரில் மாப்பிள்ளை, "சொல்லிட்டியளா மாமா?" என்றார்.

"பக்கத்துல வந்துட்டேன்" என்றேன்.

வீட்டில் ரூபியிடம் பன்றிக் கதையைச் சொன்னேன். "ஊர்ப் பன்றிய எல்லாம் அடைச்சவரு, சொந்தப் பன்றிய விட்டுட்டாரு" என்றாள். என் வாயையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஏப்ரல் 18

மத்தியானம் ஹெப்சி மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கியது. நான் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"உங்களயும் சேத்து யாரு மாமா தூக்குவா?" என்று சிரித்தாள். சிரிப்பு அழுகையாகிவிட்டது. "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் மாமா. கொஞ்ச நாள் பேசாம மட்டும் இரிங்க."

இந்த ஊரில் காற்றில் தூசி அதிகம். கண்ணில் விழுந்துவிடுகிறது.

ஏப்ரல் 19

பேசவில்லை.

ஏப்ரல் 20

பேசவில்லை. தொண்டை வலிக்கிறது.

ஏப்ரல் 23

மாப்பிள்ளை நகராட்சியில் மனுக் கொடுத்தார். மே ஏழாம் தேதி விசாரணை. ஐந்து பேர் கொண்ட குழு. அறையைப் பற்றிச் சொன்னவர் நேரில் வந்து பேச வேண்டுமாம். அதாவது நான். ஹெப்சி மொழிபெயர்ப்பாள். மூன்று நிமிடம் தருவார்கள். "மூன்று மணி நேரமா?" என்று கேட்டேன். நிமிடம்தானாம். மூன்று நிமிடத்தில் நான் மாலையைக்கூடக் கழற்ற மாட்டேன்.

சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பார்த்தேன். ஒரு தொழில்முறைக் குறிப்பு: பலகைச் சுவர், அரிசி மூட்டை, குரலை அப்படியே தின்றுவிடுகிறது. ஒன்றும் திரும்பி வரவில்லை. ஒபதியாரின் தொண்டை பெரிதாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 27

பிறக்கப்போவது ஆண் பிள்ளைதான். வயிற்றின் சாய்வைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். நான் சொல்லி இதுவரை தப்பியதில்லை. கடையில் நீலக் குல்லா இரண்டு வாங்கினேன். பெயர்கூட யோசித்துவிட்டேன். ஒபதியா ஞானசிகாமணி கிங்ஸ்லி. மாப்பிள்ளை திடீரென்று குப்பை கொட்டப் போய்விட்டார்.

மே 7, செவ்வாய்

இதைப் பொறுமையாக எழுத வேண்டும்.

நகராட்சிக் கட்டடமும் பழங்காலத்துக் கட்டடம். கூட்ட அரங்கு மாடியில். ரூபி ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம் பிடித்து ஹெப்சியை ஏற்றினார்கள். மேடையில் ஐந்து பேர். நடுவில் டோரிஸ் அம்மையார். பேசுகிறவருக்கு முன்னால் மேசை மேல் மூன்று விளக்கு. எதிரே கூட்டம் நல்ல கூட்டம். பத்துப் பதினைந்து பேருக்குக் குறையாது. நூறு என்றே வைத்துக்கொள்ளலாம்.

பச்சை எரிந்தது. ஆரம்பித்தேன்.

"அன்னை பூமியாம் ஒஹாயோவின் அருந்தவப் புதல்வர்களே! எதிரே கொலுவீற்றிருக்கும் ஐம்பெருங்குழுவே! தாய்க்குலத்தின் தனிப்பெரும் திலகம் டோரிஸ் அம்மையார் அவர்களே!"

ஹெப்சி ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை சொன்னாள். மாலை வணக்கம்.

"பீப்பாய் மேல் நின்று பன்றியைப் பந்தாடிய பகலவன்! சேற்றிலே விழுந்த போதகருக்காகச் சீறி எழுந்த சிறுத்தை! தெருவைத் துலக்கிய தீரர், எங்கள் ஒபதியார்!"

ஹெப்சி, "செனட்டரை இவருக்குப் பிடிக்கும் என்கிறார்" என்றாள். சொல்லிவிட்டு என் காதருகே வந்தாள். "மாமா, என்னால முடியல. கக்கூசுக்குப் போயிட்டு வந்திடுதேன். அது கீழ, நிலவறையில இருக்காம். நான் வர்ற வரைக்கும் நிறுத்திக்கோங்க."

போய்விட்டாள். ரூபியும் பின்னாலேயே ஓடினாள்.

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நூறு பேரும் பார்த்தார்கள். ஒரு விநாடி. இரண்டு விநாடி. மொழி தெரியாத கூட்டம்தான். அதற்காக இடைவெளி விடுவதா?

தமிழிலேயே விட்டேன். கையை வீசி, காலை உதைத்து, பன்றியாக நடந்தும் காட்டினேன். நான் இந்த முப்பது வருடத்தில் பேசியதிலேயே உயர்ந்த வாக்கியத்தை அப்போதுதான் பேசினேன்: "பன்றிக்கே ஒரு தனி இடம் வேண்டும் என்று சட்டம் போட்ட மகான் கட்டிய வீட்டிலே, ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஒதுங்க இடம் இல்லையா?" கூட்டத்தில் அது புரிந்த ஒரே ஆள் மாப்பிள்ளை. அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தார். உணர்ச்சிவசப்பட்டிருப்பார்.

ஹெப்சி வரட்டும் என்று அம்மையார் பத்து நிமிடம் பச்சையிலேயே விட்டு வைத்திருந்தார். பிறகு மஞ்சள் எரிந்தது. எங்கள் தொழிலில் அது தெரிந்த சமிக்ஞை. தலைவரின் கார் ஊர் எல்லையைத் தொட்டுவிட்டது என்று துண்டுச் சீட்டு வருமே, அது மாதிரி. குரலை ஏற்ற வேண்டிய நேரம். ஏற்றினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

சிவப்பு எரிந்தது. சிவப்பு என்றால் தலைவர் வந்துவிட்டார். பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! பேச்சின் நடுவிலேயே வலது கையை அரங்கின் கதவுப் பக்கம் நீட்டி, அடிவயிற்றிலிருந்து, "இதோ... வந்துவிட்டார்!" என்று முழங்கிவிட்டேன்.

மொத்தக் கூட்டமும் கதவைத் திரும்பிப் பார்த்தது.

கதவு திறந்தது. ஹெப்சி நின்றாள். நிலவறையிலிருந்து இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறாள். ஒரு கை கதவு நிலையில், ஒரு கை இடுப்பில். முகமெல்லாம் வேர்வை. மூச்சு அந்தக் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது. எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு பயந்து, "மன்னிக்கணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "படி அதிகம்."

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மூன்று விநாடி, ஐந்து விநாடி, பத்து விநாடிகூட இருக்கும். ஒருத்தரும் சுண்டல் வாங்கப் போகவில்லை.

டோரிஸ் அம்மையார் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மேடையிலிருந்து தானே இழுத்துக்கொண்டு வந்து ஹெப்சியை உட்கார வைத்தார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறுகிறாய் பெண்ணே?" என்று கேட்டார். ஹெப்சி விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். இரண்டாவது கைக்குப் போனதும் அம்மையார் போதும் என்றார். மேடையைத் திரும்பிப் பார்த்தார். நாலு கை உயர்ந்திருந்தது. அவர் ஐந்தாவது கையைத் தூக்கினார்.

கக்கூஸ் கட்டிக்கொள்ளலாம். இரண்டு நிபந்தனை. கதவில் செனட்டர் பெயரில் ஒரு பித்தளைப் பலகை வைக்க வேண்டும். வருடத்தில் ஒரு நாள், ஒபதியாரின் பிறந்த நாளில், பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட வேண்டும்.

திரும்பும்போது மாப்பிள்ளை, "மாமா, நீங்க பேசினது அங்க ஒருத்தருக்கும் புரியல" என்றார்.

"புரியாமலே ஜெயிச்சிருக்கோம் மாப்பிள்ளை. புரிஞ்சிருந்தா வீட்டையே பட்டா போட்டுக் குடுத்திருப்பான்."

ஹெப்சி பின்சீட்டிலிருந்து என் தோளைத் தொட்டாள். "கடைசில யாரு மாமா வந்துட்டாருன்னு கத்தினிய?"

"நீதாம்ட்டி" என்றேன்.

வழக்கமாக அந்த வார்த்தையைச் சொன்னதும் மைக்கை வாங்கிக்கொள்வார்கள். மாலை, கைத்தட்டு எல்லாம் எனக்குப் பின்னால் வருகிறவருக்கு. இன்றைக்கு எனக்குப் பின்னால் வேறு யாரும் பேசவில்லை. அதை இங்கே குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

மே 14

குழாய் வேலைக்காரர் மாப்பிள்ளை கெஞ்சியதில் திரும்பி வந்து வேலையை முடித்தார். வெள்ளை டைல்ஸ். ஹெப்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சும்மாவே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். "சொர்க்கம் அத்தை!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ரூபி ஸ்தோத்திரம் சொன்னாள். கக்கூஸுக்கு ஸ்தோத்திரம் சொன்ன முதல் குடும்பம் நாங்களாக இருக்கலாம்.

மே 16, வியாழன்

பெண் குழந்தை! மூன்று கிலோ இருநூறு. தாயும் பிள்ளையும் சுகம். நீலக் குல்லா கச்சிதமாகப் பொருந்துகிறது. நீலம் பெண் குழந்தைக்குத்தான் எடுக்கும் என்று நான் எப்போதும் சொல்வேன்.

பெயர் டோரிஸ் என்று வைக்கிறார்களாம். டோரிஸ் ரூபி. எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. 'டோ'வில் ஒரு 'ஓ' இருக்கிறது, அது ஒபதியார் பங்கு.

ஜூன் 2

பித்தளைப் பலகையை அம்மையார் தானே கொண்டுவந்து திருகாணி போட்டு முடுக்கினார். கக்கூஸ் கதவில், கண் மட்டத்தில்: "மாநில செனட்டர் ஒபதியா ப்ளம்லி இங்கே பேசிப் பழகியதாக நம்பப்படுகிறது."

"இனிமே யாராவது உள்ள ரொம்ப நேரம் இருந்தா, பேசிப் பழகுதாவன்னு நெனச்சுக்கலாம்" என்றார் மாப்பிள்ளை.

குழந்தையைக் கொஞ்சி முடித்ததும் அம்மையார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பன்றிகளைப் பற்றிய அந்தப் பழைய சொற்பொழிவை அவர் நெஞ்சில் பாடமாக வைத்திருக்கிறார் போலும். உள்ளேயிருந்து கணீர் கணீரென்று வந்தது. வெளியே வந்தபோது முகம் பதினெட்டு வயதுப் பெண் மாதிரி இருந்தது.

"மிஸ்டர் ஞானா! நீங்கள் சொன்னது சரி! குரல் திரும்பி வருகிறது!"

"டைல்ஸ் ஒட்டினா எந்த ரூம்லயும்..." என்று தொடங்கினார் மாப்பிள்ளை. ரூபி அவர் காலை மிதித்தாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் என் பக்கம் நின்று ஒருத்தர் காலை மிதித்தது இதுதான் முதல் தடவை.

அம்மையார் என் பதிலுக்காகக் காத்திருந்தார். மூன்று விநாடி என்ன, முப்பது விநாடி விட்டேன். சிரித்துக்கொண்டு மட்டும் நின்றேன்.

நாளைக் காலையில் புறப்படுகிறோம். இந்த டைரியை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். வாசகர்களிடம் எதையும் மறைக்கக் கூடாது. இதில் உள்ளது அத்தனையும் சத்தியம், பீப்பாய்க்குள் விழுந்தது உட்பட. ஏப்ரல் இரண்டாம் தேதிப் பக்கம் ஒன்று மட்டும் இன்று சாயங்காலம் எழுதியது. அன்றைக்கு உறங்கிவிட்டேன். பக்கம் காலியாகக் கிடந்தது.

இடைவெளி விடக் கூடாது அல்லவா.